சொன்ன பிள்ளையைத் திட்டக் கூடாது

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று ஒருத்தி இருந்தால், ஃபேன் ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மைக் கரகரத்தால் அவள். பெரிய டீச்சரின் போனில் எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டால் அவள். தண்ணீர் மோட்டார் நிற்கவில்லையென்றால் சாக்பீஸும் கையுமாக ஓட வேண்டியவளும் அவள்தான். சுவிட்ச் வைத்த எதுவும் என் பாடத்திட்டத்தில் அடக்கம். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், வீட்டில் போனும் பிள்ளையும் சேர்ந்து இருந்தால், நம் கட்சிதான். உட்காருங்கள்.

நான் வேலை பார்ப்பது எர்ணாவூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரைலர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். ஏதோ ஒரு கம்பெனி இனி வேண்டாம் என்று கொடுத்த கம்ப்யூட்டர்கள், கடல் காற்றில் துருப்பிடித்தது போக மிச்சம் ஓடுகின்றன. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பக்கத்துக் குடியிருப்பு வாரிய பிளாக்குகளிலிருந்து வருகிறவர்கள்.

லேப் போர்டின் மேல் ஓரத்தில் மூன்று விதிகள் எப்போதும் இருக்கும். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே. தெரியாதவரோடு பேசாதே. என்ன நடந்தாலும் பெரியவர் ஒருவரிடம் சொல். இவை மூன்றும் புத்தகத்தில் உள்ளவை. மூன்றாவதுக்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: சொன்ன பிள்ளையைத் திட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு அதைச் சத்தியம் செய்து கொடுத்தும் விட்டேன். அந்த ஒரு வரி பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஷேர் ஆட்டோ

ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள் என்று கணக்கு. இது பெரிய சண்டையாகும் என்று நினைத்து, ஆளுக்கு இத்தனை நிமிஷம் என்று பிரித்துக் கொடுக்கத் தயாராக வந்தேன். பிள்ளைகள் என்னைக் கேட்காமலேயே முறை வைத்துக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்தவன் டிரைவர், மவுஸ் அவன் கையில். இடது பக்கத்து ஆள் கீபோர்டு. வலது பக்கத்து ஆள் கண்டக்டர் மாதிரி, "ரைட்டு போ, மேல போ, நிறுத்து" என்று வழி சொல்ல வேண்டும். திரையில் ஒரு வீட்டுப் படத்தை வரைந்து முடித்ததும் ஒரு ஸ்டாப்பிங் வந்துவிட்டதாகக் கணக்கு, மூவரும் இடம் மாறிக்கொள்வார்கள்.

ஒரு நாள் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பாதி உடம்போடு அந்தரத்தில் தொங்கினான். நான் அவனை இழுத்து வேறு பக்கம் உட்கார வைக்கப் போனேன். நாலாம் வகுப்பு ரோஷினி நடு சீட்டிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்: "அவன் இருக்கட்டும் மிஸ். உள்ள தள்ளிக் குந்துனா இன்னும் ஒருத்தர் ஏறலாம்."

வேலுவின் போன்

இந்த ரோஷினியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலு டிரைலர் ஓட்டுகிறார். அம்மா சுமதி, கன்டெய்னர் யார்டு வாசலில் லாரிக்காரர்களுக்கு இட்லி வண்டி போட்டிருக்கிறார். காசு போனில் வந்து விழுந்ததும் சத்தம் போட்டுச் சொல்லுமே ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அது அவர் வண்டியில் சட்னி வாளிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே வீட்டில் இரண்டு போன், இரண்டும் பிழைப்புக்கானவை. ரோஷினி ஒரு பாடத்தைச் சொன்னால் அதை வரிக்கு வரி செய்கிற ஜாதி. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டு பாடம் நடத்திவிட்டு, வீட்டில் ஒரு போனுக்கு நல்ல பாஸ்வேர்டு வைக்க உதவுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ரோஷினி உதவிவிட்டாள். அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவர் போனுக்குப் புதுப் பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். துறைமுக கேட்டில் வண்டி நுழைய ஒரு நம்பர் மெசேஜில் வரும், அதைக் காட்டினால்தான் விடுவார்கள். வேலு கேட்டுக்குப் பக்கத்தில் போனைத் திறக்கப் பார்த்திருக்கிறார். அது திறக்கவில்லை. கிளீனரை வண்டியில் விட்டுவிட்டு, பின்னால் நின்ற லாரிகளின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு, பாதி தூரம் ஓட்டமும் பாதி தூரம் ஒரு பைக்கின் பின்சீட்டுமாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

மகள் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது முதல் விதி, போர்டில் இருக்கிறது என்று விரலை நீட்டினாள். அம்மா அப்பாவிடம் சொல்லலாம் என்று நான் அந்த இடத்திலேயே சட்டத்தைத் திருத்தினேன். அதை எழுதினால்தான் செல்லும் என்றாள். எழுதப் போனால் சாக்பீஸ் இல்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, தானே திறந்து, கையில் கொடுத்தாள். வேலு வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என் போனு மிஸ் இது. அத்த தொறக்க என்னையே அந்தாண்ட திரும்பி நிக்க சொல்லுது."

அம்மாவுக்குத் தெரியுமா

இரண்டாம் விதி இன்னும் பேஜார். தெரியாதவர் என்றால் யார் என்று கேட்டேன். வகுப்பே யோசித்தது. ஒருவர் பெயரும் வரவில்லை. பிளாக்கில் மேல் மாடி கீழ் மாடி எல்லோரும் மாமா, அத்தை, அண்ணன். தண்ணி லாரிக்காரர் மாமா. கேபிள்காரர் அண்ணன். அம்மாவின் இட்லி வண்டியில் ஒரே ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு ஆந்திரா பக்கம் போன டிரைவர்கூட மாமாதான். புத்தகம் எழுதியவர் எந்த ஊரோ, அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது போலிருக்கிறது. இங்கே தெரியாதவர் என்று ஓர் இனமே கிடையாது. அப்புறம் ஒரு பையன் கேட்டான், கேமில் தினமும் வந்து கூட விளையாடுகிற ஆள் எப்படித் தெரியாதவர் ஆவார் என்று. நியாயமான கேள்வி. 

அதனால் ஒரு சோதனை வைத்தேன். "அந்த ஆளை ரோட்டில் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு அடையாளம் தெரியுமா? தெரிந்தால் தெரிந்தவர், தெரியாவிட்டால் தெரியாதவர்." இது பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் சுமதி, வண்டிக்கு வாழையிலை வாங்கப் போகிற வழியில், பள்ளி கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "வியாசர்பாடிலேந்து என் கொழுந்தனாரு வந்தாரு மிஸ். ரோஷினி அவர வாசல்லயே நிக்க வச்சிட்டு உள்ள வந்து கேக்குது, அம்மா, இவரை ரோட்டுல பாத்தா உனக்கு அடையாளம் தெரியுமான்னு."

டஸ்டர்

எங்கள் பெரிய டீச்சர் பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். சாதாரணமாக எல்லோரையும் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் தெற்கத்தித் தமிழ் வந்துவிடும். எந்தத் தமிழில் பேசுகிறார் என்பதை வைத்துத்தான் நாங்கள் அறைக்குள் நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

அவருக்கு நான் சேர்த்த வரி பிடிக்கவில்லை. திங்கள்கிழமை லேபைச் சுற்றிப் பார்க்க வந்தவர், டஸ்டரை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டுப் போனார். நான் மறுபடி எழுதினேன். அடுத்த திங்கள் மறுபடி அழித்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சில வாரம் நடந்தது. பிறகு கூப்பிட்டு அனுப்பினார். தப்பு செய்த பிள்ளையைத் திட்டாவிட்டால் அது எப்படித் தெரிந்துகொள்ளும் என்று கேட்டார். திட்டுவார்கள் என்று தெரிந்தால் அது எப்படி வந்து சொல்லும் என்று நான் கேட்டேன்.  அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்: "வாக்குக் குடுத்தது நீங்க. திட்டப் போறது நானும் அவங்க அம்மாமாரும். அடுத்தவ வாய்க்கு நீங்க எப்படி டீச்சர் ஜாமீன் போட்டிய?"

ரசம்

சத்தியம் செய்தேனே, அதன் முதல் பலன் எனக்கே கிடைத்தது. மதிய இடைவேளையில் லேப் வாசலில் ஒரு வரிசை நிற்க ஆரம்பித்தது. சித்தப்பா போனில் புதுப் படம் பார்க்கிறார், டிக்கெட் வாங்கவில்லை. அக்கா யாரிடமோ பேசும்போது மட்டும் குரலை மாற்றிக்கொள்கிறாள். கேமில் ஒருவன் என்னைக் கழுதை என்றான், நான் அவனை அதைவிட மோசமாகச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியவே வேண்டாத குடும்ப ரகசியமெல்லாம் வந்து குவிந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ஐந்தாம் வகுப்பு கிஷோர் ஒரு நாள் வரிசையில் நின்று, முறை வந்ததும் மிக மரியாதையாகக் கேட்டான், சொன்னால் திட்டக் கூடாது என்பது இன்னும் அமலில் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். ஓடுகிற கீபோர்டுகளிலேயே நல்லதாக ஒன்று இருந்தது, அதன்மேல் ரசத்தை ஊற்றிவிட்டதாகச் சொன்னான். லேபுக்குள் டிபன் பாக்ஸ் எப்படி வந்தது என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னதற்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். கீபோர்டைக் கவிழ்த்தேன். ரசத்தோடு கொத்தமல்லியும் வந்தது. கிஷோர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "திட்டலன்னு சொல்றீங்க. ஆனா மூஞ்சி மட்டும் ஏன் மிஸ் அப்படி கீது?"

அந்த அண்ணன்

சிரித்ததெல்லாம் போதும். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு மதியம் வரிசை கலைந்த பிறகும் ரோஷினி போகவில்லை. மவுஸ் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றாள். பிறகு சொன்னாள். சாயங்காலம் அம்மா வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, மாவு அரைக்கிற நேரத்தில் போன் அவள் கைக்கு வரும். அதில் ஒரு கேம். அதில் ஓர் அண்ணன் தினமும் கூட விளையாடினான். கேமுக்குள் அவளுக்கென்று இருந்த பொம்மைக்கு ஷூ வாங்கிக் கொடுத்தான், கவுன் வாங்கிக் கொடுத்தான். பிறகு கேமை விட்டு மெசேஜுக்கு வந்தான். போட்டோ கேட்டான். யூனிஃபார்மோடு பிளாக்குக்குக் கீழே நின்று எடுத்து அனுப்பியிருக்கிறாள். சட்டையில் பள்ளி பேட்ஜ், பின்னால் சுவரில் பிளாக் நம்பர். அப்புறம் வேறு மாதிரி போட்டோ கேட்டிருக்கிறான். மாட்டேன் என்றிருக்கிறாள். அதிலிருந்து அவன் ஒன்றையே திருப்பித் திருப்பி அனுப்புகிறான்: அனுப்பாவிட்டால் உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையை மிரட்ட அவனிடம் இருந்தது சுமதியின் திட்டு மட்டும்தான்.  பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ செய்தது சரி, தப்பு அவனுடையது என்றேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பொய் சொல்ல முடியாது, பெரிய டீச்சரிடமும் அம்மாவிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க திட்ட மாட்டீங்க, தெரியும். எங்கம்மா?"

யாரைத் திட்டுவது

ஸ்டெல்லா டீச்சர் முழுவதையும் கேட்டார். எந்தத் தமிழும் பேசவில்லை. தன் போனை எடுத்து, ரோஷினியை விட்டே சுமதியைக் கூப்பிடச் சொல்லி, "பள்ளிக்கூடத்துக்கு வாம்மா, நான் இங்கதான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்ல வைத்தார். சுமதி வந்து சேருவதற்குள் நாலாம் வகுப்பு மொத்தமும் வராந்தாவில் கூடிவிட்டது. என்ன விஷயம் என்று ஒருவருக்கும் தெரியாது. ரோஷினி மிஸ்ஸிடம் எதையோ சொன்னாள், அவள் அம்மாவை வரவழைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் தெரியும். அது போதுமே. பெரிய டீச்சர் அறையில் அவளுக்கு ஓர் அடி விழுந்தால், அதற்கப்புறம் இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காது. எந்த விதியை எத்தனை முறை எழுதினாலும் சரி.

இடுப்பில் செருகிய துண்டோடு சுமதி வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. சொல்லி முடித்ததும் கை தானாக மேலே போனது. ரோஷினி தோளைக் குறுக்கிக்கொண்டாள். "அக்கா, அவன் சொல்றதுக்கு முன்னாடி உங்க பொண்ணே வந்து சொல்லியிருக்கா. சொன்ன புள்ளைய திட்டக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றேன்.  கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, துண்டைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். போனைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். அதை இஎம்ஐயில் வாங்கித் தந்த வேலுவைத் திட்டினார். ஷூ போட்ட பொம்மையைத் திட்டினார். கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வந்த என்னைத் திட்டினார், பெரிய டீச்சர் நாற்காலியில் குந்திக்கொண்டு இன்னா பண்ணுகிறார் என்று ஸ்டெல்லா டீச்சரையும் விடவில்லை. அந்த ஆளைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஸ்டெல்லா டீச்சர் எழுந்து வெளியே அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலைகுனிந்து தனக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டார். சுமதி மகளை மட்டும் தொடவேயில்லை. கடைசியில் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா டீச்சர் தண்ணீரை நீட்டினார். சுமதி ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கோச்சிக்காத மிஸ். இத்த திட்டக் கூடாதுன்னு சொல்லிட்ட. யாரையாச்சும் திட்டலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

வாய்ஸ் மெசேஜ்

எதையும் அழிக்கக் கூடாது, எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும், பதில் போடக் கூடாது. இதுதான் பாடம். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். சுமதியின் போனை மேஜையில் வைத்து, ஸ்டெல்லா டீச்சரின் போனால் ஒவ்வொரு மெசேஜாகப் படம் எடுத்தேன். அவசரத்தில் இரண்டு மூன்று மங்கலாக விழுந்தன, திரும்ப எடுத்தேன். ரோஷினி தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுமதி அவள் கையைத் தட்டிவிடவில்லை என்பதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் போன் சிணுங்கியது. அவன்தான். "அம்மாகிட்ட சொல்லிடவா?" என்று வந்திருந்தது. சுமதி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் போனை எடுத்து, மைக்கை அழுத்திப் பிடித்து, வாயருகே கொண்டுபோனார். இத்தனை நேரம் கத்திய தொண்டையா என்று சந்தேகம் வருகிற மாதிரி, இட்லி வேண்டுமா பொங்கல் வேண்டுமா என்று கேட்கிற குரலில் பேசினார்: "அம்மாதான் பேசறேன். எங்கிட்ட இன்னா சொல்லணும் உனக்கு? சொல்லு, கேட்டுக்கினு கீறேன்."

ஸ்டேஷனில்

போன் அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படமும் போய்விட்டது. பதில் போட்டது தப்புதான், புத்தகப்படி ஆளை உஷார்படுத்திவிட்டோம். படங்கள் கையில் இருக்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணில் பேசிவிட்டு, எல்லோருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். வேலு டிரைலரை யார்டில் விட்டுவிட்டு நேராக அங்கே வந்துவிட்டார்.  மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் தோளில் அந்தப் பூப்போட்ட பை அக்குளோடு நின்றுவிட்டது.

எழுதிக்கொள்ள உட்கார்ந்த காவலர் ஒரு பெண். கெட்டவர் இல்லை, காலையிலிருந்து இப்படி எத்தனை பேரைப் பார்த்தாரோ. பேனாவைத் திறந்தவுடன் ரோஷினியைப் பார்த்து, "இந்த வயசுல உனக்கு என்ன கேமு? யாரு என்னன்னு தெரியாம போட்டோ அனுப்புவியா? அறிவு வேணாம்?" என்று தொடங்கினார். ரோஷினி என்னைப் பார்த்தாள். நான் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன். ஸ்டெல்லா டீச்சர் வாயைத் திறந்தார். எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு சுமதி மேஜைக்கும் மகளுக்கும் நடுவில் வந்து நின்றார். "மேடம், இது தானா வந்து சொன்ன புள்ள. சொன்ன புள்ளைய திட்டக் கூடாது. திட்டியே ஆவணும்னா தோ, என்னைத் திட்டுங்க, நின்னு கேட்டுக்கிறேன்."

அந்தப் பெண் காவலர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு, ரோஷினியை அதில் உட்காரச் சொன்னார். பிறகு அவள் சொல்லச் சொல்ல, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எழுதினார். அந்த ஆள் யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ரோஷினி மறுநாளே பள்ளிக்கு வந்தாள். அவளுக்கு என்ன ஆனது என்று பார்க்கக் காத்திருந்த வகுப்பு, ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டது. அந்த வாரம் மதியத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்கள், இதுவரை என் வாசல் பக்கமே வராதவர்கள், வந்து நின்றார்கள். ஒருத்தி சொன்னது சும்மா வம்பு. இன்னொருத்தி சொன்னதைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, ஸ்டெல்லா டீச்சரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டேன்.

இத்தனை நாள் நான் நடத்தியதில் பரீட்சைக்கு வராத ஒரு வரியைத்தான் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்பதால், மற்ற பாடங்களெல்லாம் எந்த லட்சணத்தில் போகின்றன என்று தயவுசெய்து யாரும் என்னைக் கேட்காதீர்கள்.